கொரியாக்காரி விழுந்து கும்பிடவில்லை

எங்கள் ஊரில் யாராவது "கொரியா வருது" என்றால் தெருவில் நான் வருகிறேன் என்று அர்த்தம். மலைமேல் புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். நாற்பது வீடு இருக்கும். அத்தனை வீட்டிலும் என் பெயர் தேய்ந்துபோய் இந்தப் பட்டம்தான் நின்றிருக்கிறது. ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரரே திருப்பத்தூர் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் "எங்கூட்டு கொரியா போன் பண்ணிச்சா?" என்று கேட்கிறாராம். கிண்டல்தான். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நான் எதையும் ஒளித்து வைத்துக்கொண்டு பார்ப்பவள் இல்லை.

எனக்கு இரண்டு பைத்தியம். ஒன்று கொரியாக் காதல் நாடகம், இன்னொன்று குத்துச்சண்டை. சேர்த்துச் சொன்னால் சிரிக்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னாலும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஒருமுறை போன் ரிப்பேர் கடையில் ஒருத்தன் என் போனைத் திறந்து பார்த்துவிட்டு, "மலையிலேர்ந்து வர்றீங்க, கொரியாவா பாக்குறீங்க?" என்றான்.

"ஏம்பா, மலையில இருக்கிறவங்களுக்குக் கண்ணு வேற எடத்துல கீதா?" என்று கேட்டேன். திரையை மட்டும் மாற்றிக் கொடுத்தான்.

இரண்டு பைத்தியமும் ஒரே ஆளிடமிருந்து தொற்றியது. பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இரண்டு வருஷம் தைத்தேன். ஹாஸ்டலில் என் பக்கத்துப் பாய் ஒரு மணிப்பூர்க்காரி. என் வயதுதான். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. அவள் ஊரில் வீட்டுக்கு வீடு கொரியா நாடகம் ஓடுமாம். பெண்பிள்ளைகள் குத்துச்சண்டை பழகுவது அங்கே பேசுகிற அளவுக்கு ஒரு விஷயமே இல்லையாம். இதை எனக்குப் புரியவைக்கவே அவளுக்கு மூன்று மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு மொட்டை மாடியில் நிற்கவைப்பாள். இடது கால் முன்னால். தாடை கீழே. கை முகத்துக்கு நேரே. காயப்போட்ட சேலைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் காற்றைக் குத்திக்கொண்டிருப்போம். களைத்ததும் ஒரே போனில் நாடகம் பார்ப்போம். கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தை நான் பாதி படிப்பதற்குள் அது ஓடிப்போய்விடும். வருஷம் முடிவதற்குள் படித்துக்கொண்டே அழவும் பழகிவிட்டேன்.

"அதுல அப்படி இன்னாதான் கீது?" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. சொல்கிறேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை பெண்ணிடம் தண்ணீர் கேட்பான், சோறு கேட்பான், துண்டு எங்கே என்று கேட்பான். "நான் இங்க உக்காரலாமா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த நாடகத்தில் ஒருத்தன் எட்டாவது எபிசோடில்தான் அவள் கையைத் தொடுகிறான். அதற்கு முன்னால் ஏழு எபிசோடு அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தொடலாமா வேண்டாமா என்று தவிக்கிறான். அந்தத் தவிப்புக்காகத்தான் பார்க்கிறேன். ஒரு பெண்ணின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஒருத்தன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறானே, அதற்காகப் பார்க்கிறேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

குத்துச்சண்டையும் அப்படித்தான். இரண்டு பேரும் சம்மதித்துத்தான் மேடை ஏறுகிறார்கள். கைக்கு உறை உண்டு. நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். பெண்பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்கிறார்கள். எத்தனை வீட்டில் பெண்பிள்ளை அடி வாங்குகிறாள், அங்கெல்லாம் மணி அடிக்க யார் இருக்கிறார்கள்?

உள்ளூரிலேயே கல்யாணமாகி ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எனக்குக் குத்திப் பழக ஒரு மூட்டை வேண்டியிருந்தது. மலையில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. கோணியில் கொட்டையை நிரப்பி, வாயைத் தைத்து, பலாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டேன். மணல் மாதிரி உள்ளே நகர்ந்து கொடுக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். ஓங்கி ஒரே ஒரு குத்துதான். மணிக்கட்டு பணியாரமாக உப்பிவிட்டது. சுகாதார நிலையத்தில் நர்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"வூட்டுக்காரர் அடிச்சாராம்மா?"

"இல்லீங்க. நான்தான் அடிச்சேன்."

"யார?"

"புளியங்கொட்டைய."

அவர் என்னை நம்பவே இல்லை. வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை முறைத்துப் பார்த்தார். பாவம் அந்த மனிதர், காரணம் தெரியாமல் ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் கொட்டையைக் கொட்டிவிட்டுச் சாமை உமியும் கிழிந்த துணியும் அடைத்தேன். அந்த மூட்டை இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

புளிச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் புளிதான். உலுக்கிக் கொண்டுவந்த காயைக் காயவைத்து, ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்கவேண்டும். ஒரு வீட்டு ஆட்கள் மட்டும் உட்கார்ந்தால் மழைக்குள் முடியாது. அதனால் பெண்கள் எல்லாரும் சேர்ந்து இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு என்று போவோம். கூலி கிடையாது. கையில் தட்டுகிற கட்டையோடு போய் உட்கார்ந்தால் மாலை வரைக்கும் வேலை, வாய் மட்டும் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற வாய்க்கும் காதுக்கும்தான் நான் கொரியாவைக் கொண்டுவந்தேன்.

ஊருக்கு மேலே ஒரு பாறை உண்டு. அங்கேதான் டவர் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் ஏறி உட்கார்ந்து எபிசோடுகளை இறக்கிவைத்துக்கொள்வேன். புளி தட்டும்போது போனை அளக்கிற படி ஒன்றின் மேல் சாய்த்துவைத்து, ஓடவிட்டு, நான் கதை சொல்வேன். இருபது பேருக்கு அந்தச் சின்னத் திரை தெரியாது. அதனால் எல்லாக் குரலும் நான்தான். கதாநாயகனின் அம்மா பேசும்போது எங்கள் ஊர் மாமியார்கள் பேசுகிற மாதிரியே இழுப்பேன். மாமியார்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் சித்தி, அதாவது என் அப்பாவின் தம்பி மனைவி, அவளுக்கு இணையாகக் கதை கேட்க ஆள் கிடையாது. கதாநாயகன் மழையில் நின்றால் இவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். துடைத்த கையில் புளி ஒட்டிக்கொண்டு இன்னும் எரியும்.

கடைசியில் ஒரு கால் மணி நேரம் குத்துச்சண்டை போடுவேன். அதற்குப் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகாமல் உட்கார்ந்திருப்பவள் சித்தியின் மகள். பத்தொன்பது வயது. திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிறாள், லீவுக்கு வருவாள். அவளுக்கு என் நாடகம் சுத்தமாகப் பிடிக்காது. "ஒரு கைய புடிக்கறதுக்கு எட்டு மணி நேரமாக்கா? எனுக்குத் தூக்கம் வருது" என்பாள். சொல்வது மட்டுமில்லை, புளி மூட்டையில் சாய்ந்து தூங்கியும் விடுவாள். குத்துச்சண்டை என்றதும் எழுந்துகொள்வாள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அவளுக்கு அவள் தாய்மாமன் மகனைப் பேசிவைத்திருந்தார்கள். அவள் பிறந்தபோதே பேசியது. பக்கத்து ஊர், போளூரில் ஜேசிபி ஓட்டுகிறான், குடி கிடையாது, கெட்ட பேர் கிடையாது. இந்த வருஷம் மாசி கடைசியில் மாமன் வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். எங்கள் வழக்கப்படி பெண் வந்து தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் முடிந்தது. பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கும் அப்படித்தான் நடந்தது. நான் தொட்டேன், எனக்கு நல்ல ஆள் கிடைத்தார். அது அதிர்ஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

இவள் வந்தாள். தட்டின் முன்னால் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"என்னிய யாரும் கேக்கலியே" என்றாள். "கேட்டா, வேணான்னுதான் சொல்லுவேன்."

தாய்மாமன் முகம் கறுத்துவிட்டது. தட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்தார். கூட்டத்தில் யாரோ ஒருவர், யாரென்று எனக்குத் தெரியும், ஆனால் இங்கே அது முக்கியமில்லை, "இது நம்ம ஊர்ப் பேச்சு இல்ல, கொரியாப் பேச்சு" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

மறுநாள் காலையிலேயே கோயில் மரத்தடியில் ஊர்க்கூட்டம். எங்கள் ஊர்த் தலைவரை ஊர்க்கவுண்டர் என்போம். எனக்கு மாமா முறை. கத்திப் பேசாத மனிதர். கூட்டத்தில் தப்பு என்று முடிவானால் தண்டனை ஒன்றுதான். நடுவில் வந்து, மண்ணில் விழுந்து, சபையைக் கும்பிட வேண்டும். அவர் "எழுந்துரு" என்பார். அத்தோடு தீர்ந்தது. தப்பினால் எது குலைந்ததோ அது பழையபடி ஆகிவிடும். விழுந்த விஷயத்தை அப்புறம் ஒருத்தரும் வாயால் பேசக்கூடாது, பேசினால் பேசியவர் விழவேண்டும். நல்ல வழக்கம்தான். அடி இல்லை, வசவு இல்லை. என் வீட்டுக்காரர் கோயில் ஆட்டின் மேல் ஜீப்பை விட்டுவிட்டு ஒருமுறை விழுந்திருக்கிறார். சட்டை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அன்று மத்தியானமே சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்.

என்னை நடுவில் கூப்பிட்டார்கள். சித்தப்பாதான் பேசினார். அவர் கண் சிவந்திருந்தது. பெற்றவர், அவமானப்பட்டிருக்கிறார், அது எனக்குப் புரியாமல் இல்லை.

"எம்பொண்ணு வாயில்லாத பொண்ணு. இவ போனக் காட்டிக் காட்டித்தான் கெடுத்துட்டா. இன்னாத்துக்கு நம்ம ஊருக்கு அந்தக் கருமம்?"

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற?"

எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. "உங்க பொண்ணு என் நாடகத்துல ஒண்ணுகூட முழுசாப் பாத்ததில்ல, தூங்கிடுவா" என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூடியிருந்த பெண்கள் இருபது பேரும் சாட்சி. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் நடுவில் வந்து நிற்கவேண்டியவள் அவள். அதனால் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எம்போன்லதான் பாத்தா மாமா" என்றேன். குத்துச்சண்டையையாவது பார்த்தாளே, பொய் இல்லை.

"அப்ப சரி. விழுந்து கும்புடு. இனிமே புளி தட்ற எடத்துக்குப் போன் வேணாம். பசங்க படிக்கட்டும், கல்யாணம் நடக்கட்டும். முடிஞ்சுது."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விழத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், முழங்கால் மடங்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"மாமா, நான் விழுந்தா அந்தத் தட்டு?"

"திரும்ப அவ முன்னால வரும். எல்லாம் பழையபடி."

"அவகிட்ட கேப்பீங்களா?"

"பழையபடின்னா பழையபடிதான்" என்றார்.

அதாவது நான் மண்ணில் விழுந்தால் அவள் சொன்ன "வேணாம்" கொரியாப் பைத்தியத்தின் உளறல் ஆகிவிடும். தப்பு தீர்ந்தது, தட்டைத் தொடு என்பார்கள். நான் நின்றுகொண்டே இருந்தால் அந்தச் சொல்லும் நின்றுகொண்டிருக்கும். பயந்தேன், நன்றாகவே பயந்தேன். அந்த ஊரில் நான் சாகும்வரை வாழவேண்டும்.

"அப்ப நான் விழல மாமா" என்றேன்.

கூட்டம் முழுக்க ஒரு சலசலப்பு. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவர் யாரும் இல்லை. சொல்லவேண்டிய தேவையும் யாருக்கும் வந்ததில்லை, விழுந்து எழுவது அவ்வளவு சுலபம். ஊர்க்கவுண்டர் பக்கத்திலிருந்த இரண்டு பேரிடம் பேசிவிட்டு முடிவு சொன்னார். நான் விழுகிறவரைக்கும் என் வீட்டு வேலைக்கு யாரும் வரக்கூடாது, யார் வீட்டு வேலைக்கும் நான் போகக்கூடாது. பேச்சு உண்டு, தண்ணீர் உண்டு, வேலை மட்டும் கிடையாது. அதே போல, என் விவகாரம் தீர்கிறவரைக்கும் தட்டுப் பேச்சும் எழாது.

வீட்டுக்கு நடக்கும்போது என் வீட்டுக்காரர் பத்தடி தூரம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு, "ஆறு மரத்துப் புளி" என்றார்.

"தெரியும்."

"ரெண்டே பேரு."

"தெரியும்ங்க."

"சரி, கட்டை எங்க கீது?" என்றார். இப்படி ஒரு ஆளை எட்டு எபிசோடு காத்திருந்தாலும் கொரியாவில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதை அவரிடம் நான் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

அடுத்த நாளிலிருந்து வாசலில் மலை மாதிரி புளியைக் கொட்டிக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்தேன். அவர் ஜீப்பை விட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரம் தட்டுவார். இரண்டாவது தெருவிலிருந்து பெண்கள் சிரிப்பது கேட்கும். போனை எதிரில் வைத்து நாடகத்தை ஓடவிட்டேன். சப்பென்று இருந்தது. நல்ல கட்டம் வந்ததும் வாயைத் திறந்து குரல் மாற்றிப் பேசத் தொடங்கினேன். கேட்பதற்கு ஒரு கோழிதான் இருந்தது. அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் அழுதேன். எனக்கு நாடகத்தை விட அந்தக் கூட்டம்தான் பிடித்திருந்தது என்று அதுவரை எனக்கே தெரியாது. ஊர் என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வராமல் இருந்ததுதான் வலித்தது.

ஒரு வாரம் கழித்துக் குழாயடியில் சித்தி என் பக்கத்தில் குடத்தை வைத்தாள். முகம் வாடிப்போயிருந்தது. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப்பிறந்த அண்ணன், நடுவில் மகள்.

"ஒரு தடவ விழுந்து எழுந்துருமே. உனுக்கு இன்னா கொறஞ்சிடும்? எங்கண்ணன் என் வூட்டு வாசல மிதிக்க மாட்டேங்கறான்."

"நான் விழுந்தா உம்பொண்ணு போய்த் தட்டத் தொடணும் சித்தி. அது உனுக்குச் சம்மதமா?"

குடம் நிறைந்து வழிந்தது. தூக்காமல் நின்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு யாரோ கேட்பது போலக் கேட்டாள்.

"நாடகத்துல அந்த டாக்டர் பையன் லெட்டர் எழுதினானே. அவ படிச்சாளா?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது எனக்கு. அப்போதுதான் உறைத்தது: பேச்சு உண்டு என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். குழாயடியிலேயே கதையை ஆரம்பித்தேன். மறுநாள் நான்கு பேர் நின்றார்கள், அதற்கு மறுநாள் ஒன்பது பேர். குடங்கள் வழிந்து ஓடின. தண்ணீர் வீணாகிறது என்று யாரோ ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொன்னார்களாம். "வேலைக்குத்தான் தடை, வாய்க்குத் தடை போடலியே" என்றாராம். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தாலும் அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் கதை கேட்டவர்கள் யாரும் என் வாசலுக்கு வரவில்லை. அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது.

பங்குனி பாதி தாண்டியதும் மேற்கே கறுக்கத் தொடங்கியது. மூன்று மரத்துப் புளி இன்னும் ஓட்டோடு கிடந்தது. அந்தச் சனிக்கிழமை சித்தி மகள் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். பையைக் கூட இறக்காமல் நேராக என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நான் அந்தத் தட்டத் தொட்டுட்றேன். நீ எனுக்காகக் கஷ்டப்படாத."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கட்டையை எறிந்தேன். அவள் மேல் இல்லை, சுவர் மேல். "உனுக்கு அவன் வேணுமா?"

"வேணாம்."

"அப்ப வாய மூடு. எனுக்காக நீ ஒருத்தனக் கட்டிக்கிட்டா நான் எந்த மூஞ்சோட நாடகம் பாக்குறது?"

வாயை மூடிக்கொண்டாள். உட்கார்ந்து புளியை உடைக்க ஆரம்பித்தாள். தடையை மீறிய முதல் ஆள் அவள்தான். சித்தப்பா தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு பைக் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வந்தது. இறங்கியவன் அவள் மாமன் மகன். எனக்கு உடம்பெல்லாம் உஷாராகிவிட்டது. எழுந்து நின்றேன். என்னை அறியாமல் இடது காலை முன்னால் வைத்திருந்தேன் என்று அவள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு நான்கடி தள்ளி நின்றான். அதற்கு மேல் கிட்டே வரவில்லை.

"என்னிய கேக்கலன்னு சொன்னியாமே" என்றான். "எங்கப்பாதான் கேக்கணும்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன். நான் கேட்டிருக்கணும். இப்ப கேக்குறேன். உனுக்கு என்னியக் கட்டிக்கச் சம்மதமா?"

என் நெஞ்சு துள்ளிவிட்டது. ஐயோ, எவ்வளவு அழகாகக் கேட்டான்! அவன் குரல் லேசாக உடைந்தது. கண்ணைத் தாழ்த்தாமல் அவள் முகத்தையே பார்த்தான். எபிசோடு எபிசோடாக நான் தேடித் தேடிப் பார்த்த அதே பார்வை, என் வாசலில், புளி ஓட்டுக் குப்பைக்கு நடுவில். சொல்லிவிடு, சரி என்று சொல்லிவிடு பெண்ணே என்று என் மனசு கூவியது. ஊரையே எதிர்த்து நின்றவள் நான். அந்த ஒரு நிமிஷம் ஊரை விட மோசமாக அவளை அவனிடம் தள்ளிவிடப் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

"இல்ல" என்றாள் அவள். "நீ நல்லவன்தான். எனுக்கு உன்மேல ஒண்ணுமே கோவம் இல்ல. ஆனா வேணாம்."

அவன் தலையை ஆட்டினான். ஒருமுறை, இரண்டுமுறை. "சரி" என்றான். அவ்வளவுதான். பைக் பக்கம் போனவன் நின்று திரும்பி, குவிந்து கிடந்த புளியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

"அண்ணி, இந்தத் தடை உங்க ஊருக்குத்தானே? எங்க ஊருக்குக் கெடையாதே?"

"கெடையாது" என்றேன்.

ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். சாயங்காலம் வரைக்கும் மூன்று பேரும் தட்டினோம். அவன் அவளிடம் வேறு எதுவும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. போனை ஓடவிட எனக்குக் கை வரவில்லை. அவன் போகும்போது விரலெல்லாம் புளி அப்பியிருந்தது. கழுவிக்கொள்ளத் தண்ணீர் ஊற்றினேன். அவன் முகத்தையும் கழுவிக்கொண்டான், கொஞ்சம் அதிக நேரம்.

அவன் வீட்டில் என்ன சொன்னானோ, இரண்டு நாளில் மாமன் வந்து வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனார், கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்கு மறுநாள் சித்தி கையில் கட்டையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "என்னியும் விழச் சொல்லட்டும். நீ கதைய எடு" என்றாள். வேறு யாரும் வரவில்லை. மழை வந்தது. ஒரு மரத்துப் புளி நனைந்து கறுத்துப்போனது. அதற்காக நான் யாரையும் நோகவில்லை, கறுத்த புளியைப் பார்க்கும்போது எரிச்சல் வராமலும் இல்லை.

சித்தப்பா என்னோடு பேச ஆனி மாதம் ஆனது. அவர் மகள் இப்போது மூன்றாம் வருஷம் போகிறாள். கொரியா நாடகம் இன்னும் பிடிக்கவில்லை, திட்டிப் பார்த்துவிட்டேன்.

ஆடித் திருவிழாப் பேச்சுக்கு ஊர்க்கூட்டம் கூடியபோது நானும் பெண்களோடு நின்றிருந்தேன். எல்லாம் பேசி முடிந்து எழுந்துகொள்ளும் நேரத்தில் ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார்.

"தட்டே போய்டுச்சு. பழையபடி ஆக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா ஒரு பேச்சுக்கு விழுந்து எழுந்துரும்மா. இல்லன்னா தடையும் அப்படியே நிக்கும். நீ விழாதவரைக்கும் ஊரு இத்தப் பேசிக்கிட்டேதான் கெடக்கும். அந்தப் பொண்ணு வேணான்னு சொன்னத உங்க பேரப்பசங்க காலத்துலயும் பேசுவாங்க."

"பேசணும் மாமா" என்றேன். "அதுக்குத்தான் விழாம நிக்கிறேன்."